அரைப் பேர் போடாத கடை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட சொல் "அரைப் பேர்". தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும், நிறுவையில் சொன்ன கிலோ வரவில்லை என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், அரை நாள்தான் விழும். மழையில் கொழுந்து குறைந்திருக்கலாம், கொடுத்த தேயிலை நிரை காடாகக் கிடந்திருக்கலாம், காய்ச்சலோடு போயிருக்கலாம். அதை யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி வந்த நாட்களில் அம்மா கூடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரொட்டிக்கு மா பிசைவார்.

நான் சுப்பர் மார்க்கெட் வேலைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. மரக்கறி நிறுப்பவளாகச் சேர்ந்து, கெஷியராகி, சுப்பர்வைசராகி, இப்போது ஹட்டன் பக்கம் ஒரு கிளைக்கு மெனேஜர். என்னோடு 26 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 17 பேர் பெண்கள். புதிதாகப் பொறுப்புக்கு வரும் தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஆளுங்கள எப்படி அக்கா சமாளிக்கிறீங்க?" நான் எங்கெங்கே பிழைவிட்டேன் என்பதிலிருந்து சொன்னால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

2003இல் உயர்தரம் எழுதினேன், வர்த்தகப் பிரிவு. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் அப்போது கொழும்புக்குப் போனார்கள், புடவைக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வீட்டு வேலைக்கும். அம்மா என்னை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய வேலை என்றால் சரி என்றார். அப்படித்தான் ஹட்டனுக்கு வந்தேன்.

முதல் மூன்று மாதம் மரக்கறித் தராசில். ஒவ்வொரு மரக்கறிக்கும் ஓர் இலக்கம் உண்டு, அதை அழுத்தினால் விலைச் சீட்டு வரும். போஞ்சிக்குப் பதில் லீக்ஸ் இலக்கத்தை அழுத்தினால் கடைக்கு நட்டம், இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு நட்டம். எனக்குச் சிங்களம் சரியாக வராது. கினிகத்தேனையிலிருந்து வந்த ஒரு சிங்கள அக்கா பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ் என்று பாதிச் சொற்கள் இரண்டு மொழிக்கும் ஒன்றாகவே இருந்ததால் தொடங்குவது சுலபமாகிவிட்டது. மிச்சத்தைத் தேநீர் நேரத்தில் படித்தேன். நான் பிழையாக அழுத்தினால், வந்தவர் போனபிறகு தராசுக்குப் பின்னால் கூப்பிட்டுத்தான் அந்த அக்கா சொல்வார். ஆட்களுக்கு முன்னால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இன்று என் கடையில் அது சட்டம்.

கெஷியரானபிறகுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. அந்தக் காலத்தில் நான் வேலை செய்த இடத்தில், இரவு பணம் எண்ணும்போது குறைந்தால் மாத முடிவில் சம்பளத்தில் வெட்டுவார்கள். கூடினால் கடைக்குச் சேரும். இரண்டு மாதம் வெட்டு வாங்கியபிறகு பழைய கெஷியர்கள் செய்வதை நானும் படித்துக்கொண்டேன். காசு கூடுதலாக வந்த நாளில் அதை ஒரு உறையில் போட்டு ஒளித்து வைப்போம், குறைந்த நாளில் அதிலிருந்து எடுத்துப் போடுவோம். கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். மேலே இருப்பவர்கள் நல்ல கெஷியர் என்று நினைப்பார்கள். எந்தக் கவுண்டரில், எந்த நேரத்தில், ஏன் பிழை வருகிறது என்று அந்தக் கடைக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. நாங்கள் திருடவில்லை. ஆனால் ஒளிக்கப் பழகிவிட்டோம். இதை நான் மெனேஜரானபிறகு மறந்துபோனதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

2017இல் கிளை என் கைக்கு வந்தது. ஒரு தோட்டத்துப் பெண் மெனேஜராக வந்திருக்கிறாள், இவளால் முடியுமா என்று பார்க்கிறார்கள் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதனால் சத்தம் போட்டேன். கடை திறக்குமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, நேற்று யார் என்ன பிழைவிட்டார்கள் என்று வாசிப்பேன். இராக்கையில் தூசி, விலைச் சீட்டு மாறியிருந்தது, யார் பத்து நிமிடம் பிந்தினார் எல்லாம். ஒரு நாள் ஸ்டோரில் வேலை செய்யும் தம்பி ஒருவன் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தான். அரை நாள் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டான். பிறகுதான் தெரிந்தது, வழியில் மண் சரிந்து பஸ் வரவில்லை, பாதி வழி நடந்து வந்திருக்கிறான்.

அன்று இரவு சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சும்மா சொன்னேன், இப்போதைய பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்ற தோரணையில். அம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீயும் அரைப் பேர் போட ஆரம்பிச்சிட்டியா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் நான் ஆட்களை நிறுத்தும் இடம், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் மாதிரியே இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. கங்காணி சத்தத்தில்தான் வேலை நடக்கும் என்று சின்ன வயதில் பார்த்தது, எனக்குத் தெரியாமலே என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் முதல் வேலையாக அந்தத் தம்பியின் அரை நாளைத் திருத்தினேன், எல்லோருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

காலைக் கூட்டத்தை நிறுத்தவில்லை, மாற்றினேன். பத்தே நிமிடம். முதல் கேள்வி: "நேத்து எது கஷ்டமா இருந்துச்சு?" மூன்று வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பார்கள், கீழே பார்ப்பார்கள். நானும் விடாமல் தினமும் கேட்டேன். நான்காவது வாரம் துப்புரவு வேலை செய்யும் அம்மா பேசினார். மீன் பகுதியில் ஐஸ் உருகும் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக் கிடக்கிறது, ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை துடைக்கிறேன், இடுப்பு போய்விட்டது என்றார். பல மாதங்களாக அப்படியாம். பக்கத்திலேயே நடந்து போகும் எனக்குத் தெரியாது. அன்று மாலைக்குள் குழாய் சரியானது. அதன்பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். பேசச் சொல்லிக் கேட்டால் போதாது. முதலில் பேசியவரின் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தால்தான் இரண்டாமவர் வாயைத் திறப்பார். என்னால் முடியாதது என்றால் முடியாது, காரணம் இது என்று மறுநாளே சொல்லிவிடுவேன்.

பணக் குறைவு விஷயம் வெளியே வர இன்னும் கொஞ்சம் காலம் எடுத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடை நடத்துவதில் நான் படித்த பெரிய பாடம் அது.

தோட்டங்களில் பத்தாம் திகதி சம்பளம். அதை ஒட்டிய நாட்களில் எங்கள் கடை நிறைந்துவிடும். மலையிலிருந்து வருகிறவர்கள் கணக்காகக் காசு வைத்திருப்பார்கள். சாமான் எல்லாம் அடித்து முடித்தபிறகு தொகையைப் பார்த்து, "இந்த சவுக்காரம் வேணாம் தங்கச்சி, எடுத்துருங்க" என்பார்கள். பில்லில் அடித்த ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் வொய்ட் அடிக்க வேண்டும், அதற்கு சுப்பர்வைசரின் சாவி வேண்டும். சுப்பர்வைசர் ஸ்டோரில் சாமான் இறக்கிக்கொண்டிருப்பார். மணி அடித்துக் கூப்பிட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார். பின்னால் வரிசை நீளும், யாராவது சிங்களத்தில் முணுமுணுப்பார்கள், சாமானைத் திருப்பிக் கொடுக்கும் அந்த அம்மா கூனிப்போய் நிற்பார்.

அந்த மாதங்களில் ஒரு கெஷியர் பிள்ளையின் கவுண்டரில் கணக்கு எப்போதும் துல்லியமாக இருந்தது. ஒரு ரூபாய்கூடப் பிசகாது. நானே ஒரு பழைய கெஷியர் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. தனியாகக் கூப்பிட்டு, என் பழைய உறைக் கதையை முதலில் சொன்னேன். நானும் ஒளித்தேன், இப்படித்தான் ஒளித்தேன் என்று. அவள் அழுதுவிட்டாள். அவளிடம் உறை இல்லை. சாமானைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்களைப் பார்த்துப் பாவப்பட்டு, சுப்பர்வைசரைக் கூப்பிடவும் பயந்து, "பரவாயில்ல அம்மா, கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு, குறைந்த நாற்பது ஐம்பது ரூபாயைத் தன் பஸ் காசிலிருந்து பெட்டியில் போட்டிருக்கிறாள். சில நாட்கள் ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அவளை நல்ல பிள்ளை என்று பாராட்டுவதா, விதியை மீறினாய் என்று சொல்வதா என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. பிழை அவளிடம் இல்லை, சாவி இருந்த இடத்தில்தான் இருந்தது. சம்பள வாரத்தில் சுப்பர்வைசர் ஒருவர் கவுண்டர்களுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும், வேறு வேலை கிடையாது என்று மாற்றினேன். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, கணக்குப் போடத் தெரிந்த ஒரு பிள்ளையை நிறுத்தினேன். கூடையைப் பார்த்து, "அம்மா, இதெல்லாம் சேர்த்து இவ்வளவு வரும், சரியா?" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். வேண்டாததை அங்கேயே, யாரும் பார்க்காமல் எடுத்து வைத்துவிடலாம். பருப்பும் சீனியும் நெத்தலியும் 250 கிராம் பொதிகளாகக் கட்டி வைத்தோம். வொய்ட் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

பணம் குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று மேலிடத்தில் பேசி, என் கிளைக்கு மட்டும் முதலில் அனுமதி வாங்கினேன். அதற்குப் பதிலாக ஒரு கொப்பி. குறைந்தாலும் கூடினாலும் அன்றே எழுத வேண்டும், நேரம் ஞாபகம் இருந்தால் நேரமும். எண்ணும்போது இரண்டு பேர். இரண்டு மாதத்தில் அந்தக் கொப்பியே பதில் சொன்னது: பிழைகளில் பெரும்பகுதி மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில், சாப்பாட்டு இடைவேளை கிடைக்காத கவுண்டர்களில். மழைக் காலத்தில் ஈர நோட்டுகள் ஒட்டிக்கொண்டு மிச்சக் காசோடு இரண்டாகப் போவதும் அதில் தெரிந்தது. இடைவேளையை மாற்றினோம், ஈர நோட்டைத் துடைக்க ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு துணி வைத்தோம். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்த பிள்ளைகளுக்கு உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டேன். உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று ஒரு மேலதிகாரி சொன்னார். ஒரு மாதம் பாருங்கள் சேர் என்றேன். பார்த்தபிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு காட்சி. மெனேஜராகி இரண்டாம் வருடம் இருக்கும். வயதான ஒரு அம்மா கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கடைக்குள் வந்தார். ரப்பர் செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. தரை பளபளவென்று இருக்கிறதே, அழுக்காகிவிடும் என்று நினைத்திருக்கிறார். காவலுக்கு நின்றவர் சிரித்தார். நான் வெளியே போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்து, "போட்டுக்கிட்டு வாங்கம்மா, தரை கழுவத்தானே இருக்கு" என்றேன். அவர் பதறிப்போனார், நான் செருப்பைத் தொட்டுவிட்டேன் என்று. என் அம்மாயியும் இப்படித்தான் தோட்டத்து ஒபீசுக்குள் போவார். அன்று மாலையே காவலரோடு உட்கார்ந்து பேசினேன். அவரைத் திட்டவில்லை. அவரும் வட்டவளைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். யாருடைய பையைத் திறந்து பார்க்கிறோம், யாருடைய பையைப் பார்ப்பதில்லை என்று ஒரு வாரம் கவனித்துச் சொல்லச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவராகவே வந்தார். "மிஸ், நம்ம ஆளுங்க பையத்தான் நான் பாத்திருக்கேன்." அடுத்த நாளிலிருந்து எல்லோருடைய பைக்கும் ஒரே மாதிரி அட்டை கொடுத்து வாங்கி வைக்கத் தொடங்கினோம்.

வேலை நேர அட்டவணையில் நான் பட்டது வேறு பாடம். கடை இரவு ஒன்பதுக்குப் பூட்டும், ஆனால் தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ் அதற்கு வெகு முன்பே போய்விடும். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு இருட்டில் நடக்க வேண்டும், லைட் கிடையாது. அதனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காலை நேரமும், டவுனில் இருப்பவர்களுக்கு இரவு நேரமும் போட்டேன். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். டவுனில் இருந்த மூன்று பெண்களுக்குச் சின்னப் பிள்ளைகள். மாதம் முழுக்க இரவு நேரம் விழுந்ததில், வீட்டில் பிள்ளைகள் தூங்கியபிறகுதான் அவர்களால் முகம் பார்க்க முடிந்தது. அதிலும் இரண்டு பேர் சிங்களவர்கள், ஒருவர் முஸ்லிம். அக்கா தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் பார்க்கிறார் என்ற பேச்சு வந்தது. அப்படி நினைத்தது நியாயம்தான்.

இப்போது அட்டவணையை நான் தனியாகப் போடுவதில்லை. மாதக் கடைசியில் ஒரு பெரிய தாளை உடை மாற்றும் அறையில் ஒட்டுவோம். ஒவ்வொருவரும் தன்னால் முடியவே முடியாத நாட்களை மட்டும் குறிப்பார்கள், காரணம் எழுதத் தேவையில்லை. மிச்சத்தைச் சமூகத்துக்கு ஒருவராக மூன்று பேர் என்னோடு உட்கார்ந்து நிரப்புவார்கள். பூட்டும் நேரத்துக்கு நிற்பவர்களைக் கொண்டுபோய்விட ஒரு ஓட்டோக்காரரோடு மாதக் கணக்குக்குப் பேசி வைத்திருக்கிறோம். பௌர்ணமிப் போயா நாள், தீபாவளி, நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு எல்லாம் வரும்போது கொஞ்சம் இழுபறிதான். ஆனால் யாருக்கு ஏன் எந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லொறியில் தோட்டங்களுக்குப் பொதிகள் அனுப்பினோம். மேலிருந்து வந்த பட்டியலில் ஓட்ஸ், கோர்ன்பிளேக்ஸ் எல்லாம் இருந்தன. எங்கள் பிள்ளைகள் சிரித்துவிட்டு, கோதுமை மா, பருப்பு, நெத்தலி, செத்தல் மிளகாய், தேங்காய் எண்ணெய் என்று வேறு பட்டியல் எழுதித் தந்தார்கள். தேயிலைத் தூள் வேண்டாம் அக்கா, அது தோட்டத்திலேயே கொடுப்பார்கள் என்றார்கள். அந்தப் பட்டியலையே அனுப்பினேன், ஒரு பொதியும் மிஞ்சவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி வேறு. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கும். 2021 ஒக்டோபரில் 480 ரூபாயாக இருந்த 400 கிராம் பால்மா 2022 மார்ச்சில் 790 ஆனது. ஒரு வருடத்துக்கு முன்பு நூறு ரூபாயைச் சுற்றி இருந்த கோதுமை மா, செப்டெம்பர் அளவில் கிலோ 400 ரூபாய் வரை போனது. அந்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்து நாட் சம்பளம் அதே 1000 ரூபாய். ரொட்டிதான் எங்கள் ஆட்களின் காலைச் சாப்பாடு, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அதுதான். மா விலை ஏறினால் அது நேராக அடுப்புக்குள் விழும்.

பால்மா வரும் நாளில் ஆளுக்கு ஒன்று என்றுதான் விற்றோம். அது போதவில்லை. காலை ஆறு மணிக்கே டவுன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும். எட்டரைக்கு எல்லாம் முடிந்துவிடும். மலையில் வேலை முடித்து, குழந்தையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு வந்து சேரும் பெண்ணுக்கு வெறும் இராக்கைதான். ஒரு நாள் அப்படி வந்த ஒரு பிள்ளை ஒன்றும் கேட்காமல் காலி இராக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இந்த விஷயத்தைக் காலைக் கூட்டத்தில் வைத்தேன். வருவதை இரண்டாகப் பிரிப்போம், பாதி காலையில், பாதி மாலை ஐந்துக்கு என்றாள் ஒரு கெஷியர். அதையே செய்தோம். மூன்று மொழியிலும் எழுதி வாசலில் ஒட்டினோம். உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். மாலைக்கு வைத்த பெட்டிகளை ஸ்டோரிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி கவுண்டருக்குப் பின்னால் அடுக்கினோம், எத்தனை என்று எழுதி. பிறகு சண்டை குறைந்தது.

வேலை செய்கிறவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஆரம்பத்தில் அவர்கள் கவுண்டருக்குக் கீழே ஒன்றிரண்டு மறைத்து வைத்தது எனக்குத் தெரியும். அதைத் தடை செய்தால் இன்னும் ஆழமாக ஒளிப்பார்கள். அதனால் கிழமைக்கு ஆளுக்கு ஒரு பக்கெட், பெயர் எழுதிக் கையெழுத்து வைத்து, காசு கட்டி எடுக்கலாம் என்று அதே வாசல் தாளில் வெளிப்படையாகப் போட்டோம். ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை.

மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. மூன்று ப்ரீசரில் இருந்ததை இரண்டுக்குள் இறுக்கி அடுக்கினோம், நிறைந்திருக்கும் ப்ரீசர் குளிரை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். இடைவெளியில் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்துச் செருகினோம். மின்சாரம் இல்லாத நேரத்தில் மூடியைத் திறக்கவே கூடாது.

அப்படி ஒரு இரவு, வீட்டில் இருக்கும்போது பத்தரை மணிக்குத் தொலைபேசி. முன்பு நான் அரை நாள் போட்ட அதே தம்பி.

"அக்கா, கோழி ப்ரீசர் மூடிய நான் சரியா மூடலன்னு நெனைக்கிறேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அவன் சொல்லாமல் விட்டிருந்தால் காலையில் யாராவது மூடியிருப்பார்கள், மின்சாரம் வந்து மறுபடியும் உறைந்திருக்கும், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. இளகி மறுபடி உறைந்த கோழியை நாங்கள் விற்றிருப்போம். விடியற்காலை இருவரும் போய்ப் பார்த்தோம். மேல் அடுக்கு முழுக்க இளகிப்போயிருந்தது. எழுதிப் பதிந்து, கழிவில் போட்டோம். நட்டம் என் கணக்கில் வந்தது, மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அவன் பெயரை எழுதவில்லை. அன்று காலைக் கூட்டத்தில் அவனே நடந்ததைச் சொன்னான். பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட அவனுக்குப் பயமில்லாமல் இருந்தது என்பது, இந்த வேலையில் எனக்குக் கிடைத்த எந்த விருதைவிடவும் பெரிது.

எல்லாவற்றையும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. சம்பளம் நான் நிர்ணயிப்பதில்லை. 2022க்குப் பிறகு நல்ல பிள்ளைகள் ஆறு பேர் வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். போகும்போது சேவைச் சான்றிதழை ஒழுங்காக எழுதிக் கொடுத்து, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தைச் சரிபார்த்து அனுப்பினேன். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு, உன் பங்கு 8 வீதம், கம்பனி போடுவது 12, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 என்று விளக்கிச் சொல்வேன். செக்ரோலில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே ஓய்வுபெற்ற அம்மாக்களின் பிள்ளைகள் இவர்கள்.

பெண்களை மேலே கொண்டுவருவதில் கடையைவிட வீட்டு வாசலில்தான் எனக்கு வேலை அதிகம். சுப்பர்வைசர் வேலை என்றால் இரவாகும், சாவி கையில் இருக்கும், ஆண்களுக்கு வேலை சொல்ல வேண்டும். மாமியார் வேண்டாம் என்பார், கணவர் யோசிப்பார். நான் ஞாயிறு மாலைகளில் போய் அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவாள், யார் கொண்டுவந்து விடுவார் என்று நேரடியாகச் சொல்வேன். குழந்தை பிறந்தால் 84 நாள் லீவு சட்டப்படி உண்டு, திரும்பி வரும்போது அதே பதவி இருக்கும் என்பதையும் சொல்வேன். இரண்டு பேர் அப்படிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். திரும்பி வந்த முதல் மாதம் அவர்களுக்குப் பூட்டும் நேரம் போடுவதில்லை. அட்டவணை எழுதுபவர்களே அதைப் பார்த்துக்கொள்கிறார்கள், நான் சொல்லத் தேவையிருப்பதில்லை.

பஸ் காசைப் பெட்டியில் போட்ட அந்தக் கெஷியர் பிள்ளை இப்போது வெலிமடைப் பக்கம் ஒரு கிளையில் உதவி மெனேஜர். போன கிழமை கூப்பிட்டாள். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இங்க கவுண்டர்ல பிள்ளைங்க நின்னுக்கிட்டே இருக்காங்க. அந்த ஸ்டூல் நீங்க எங்க வாங்குனீங்க?"

ஹட்டன் டவுனில் வாங்கிய கடையின் பெயரையும், எத்தனை அங்குல உயரம் என்பதையும் சொன்னேன். பில் போட்டு வாங்கு, இல்லாவிட்டால் மேலிடத்தில் காசு திருப்பித் தரமாட்டார்கள் என்றேன். சரி அக்கா என்று சொல்லி வைத்துவிட்டாள்.